மூன்று குடும்பம், இரண்டு நாள், 70 வளைவு: கொல்லிமலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகாய கங்கை அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டுப் படியேறத் தொடங்கிய அத்தை, பாதிகூட ஏறாத நிலையில் ஒரு திட்டில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்கப்பா, நான் மெதுவா வர்றேன்" என்றார். முழங்கால் வீங்கியிருந்தது. மணி மூன்றரை. கையிலிருந்த தண்ணீர் காலி. வண்டிச் சாவியை வைத்திருந்த நண்பர் பையன்களோடு போட்டி போட்டுக்கொண்டு எப்போதோ மேலே போய்விட்டார். போனில் சிக்னல் இல்லை. ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து அத்தையை மேலே கொண்டுவந்து சேர்த்தபோது கோயில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நான்கு முறை அதே மலைக்குப் போய்விட்டோம். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று குடும்பங்கள், பத்துப் பன்னிரண்டு பேர். அத்தையும் தவறாமல் வருகிறார், படி மட்டும் இறங்குவதில்லை. அந்த முதல் பயணத்தில் நாங்கள் செய்ததையெல்லாம் தலைகீழாகச் செய்தால் என்ன வருமோ, அதுதான் இந்த வழிகாட்டி.

ஏன் கொல்லிமலை

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. மேல்பகுதி பெரும்பாலும் 1000 முதல் 1300 மீட்டர் உயரம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி வெள்ளைக்காரர்கள் கட்டிய கோடை வாசஸ்தலம் கிடையாது. ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி, சாக்லேட் கடை வரிசை எல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவீர்கள். இது விவசாயிகளின் மலை. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அதன் நிழலில் காப்பிச் செடி, பலா, வாழை, அன்னாசி, சாமை வயல். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று ஊராட்சிகளுக்கே 'நாடு' என்றுதான் பெயர். இங்கே வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பார்கள். மலையை ஆள்பவர்கள் என்ற கணக்கில் வந்த பெயர், பேசுவது தமிழ்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்லக் கதையும் இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று சங்கப் பாட்டு சொல்கிறது. எங்கள் வீட்டுப் பொடியன் இதைக் கேட்டுவிட்டு, "உடும்பு பாவம்" என்றான்.

முதலில் ஆட்களைக் கணக்கெடுங்கள், இடங்களை அப்புறம்

எல்லோரும் முதலில் 'என்னென்ன பார்க்கலாம்' என்று பட்டியல் போடுகிறார்கள். அது பின்னால் வரட்டும். வாட்ஸ்அப் குழு தொடங்கிய அன்றே ஒரு தாளில் வருபவர் பெயரையெல்லாம் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று விஷயம் குறியுங்கள். வளைவில் வாந்தி வருமா? முழங்கால் எப்படி? தினம் போட வேண்டிய மாத்திரை உண்டா? நெஞ்சுவலி, ஆஸ்துமா, கர்ப்பம் எதுவாக இருந்தாலும் குழுவில் போட வேண்டாம், தனியாக போன் செய்து கேளுங்கள். பொதுவில் கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லையே" என்றுதான் பதில் வரும்.

கொல்லிமலைக்கு இந்தக் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஆகாய கங்கை ஆளை ஏமாற்றும் இடம். பழனியோ வெள்ளியங்கிரியோ ஏறும்போதே உடம்பு 'போதும்' என்று சொல்லிவிடும், திரும்பி இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ். அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து 1000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கித்தான் அருவிக்குப் போக வேண்டும். இறங்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டே போவோம். குளித்துக் களைத்து, ஈரத்துணியோடு, பசியோடு திரும்பும்போதுதான் ஏற்றம் தொடங்குகிறது. முடியவில்லை என்றாலும் ஏறித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

அதனால் போவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு சோதனை வையுங்கள். பக்கத்தில் ஏதாவது மூன்று மாடிக் கட்டடத்தில் நிதானமாக ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். தோராயமாக 300 படி வரும், அதாவது அருவிப் படிகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மறுநாள் காலையில் தொடை பிடித்துக்கொண்டது, முழங்கால் குத்தியது என்றால் அவர் மேலேயே இருப்பவர்கள் பட்டியலுக்குப் போக வேண்டியவர்.

பட்டியல் இரண்டே இரண்டு: இறங்குபவர்கள், மேலே இருப்பவர்கள். 'பாதி வரைக்கும் வந்து பார்க்கிறேன்' என்று ஒரு மூன்றாவது கட்சி எப்போதும் உருவாகும். அனுமதிக்காதீர்கள். அவர்களுக்கு அருவியும் கிடைக்காது, மேலே கிடைக்கும் சந்தோஷமும் போய்விடும். மேலே இருப்பவர்களுக்கு என்று தனியாக நல்ல அரைநாள் திட்டம் இருக்க வேண்டும். 'பையைப் பார்த்துக்கொண்டு வண்டியில் உட்காருங்கள்' என்பது திட்டமில்லை. அப்படிச் சொன்னால் பெரியவர்கள் ரோஷத்தில் படியிறங்கிவிடுவார்கள். எங்கள் அத்தை இறங்கியதே அதனால்தான்.

எப்போது போவது

என் ஓட்டு ஜனவரிக்கு. வடகிழக்குப் பருவமழை முடிந்து அருவியில் தண்ணீர் இருக்கும், படிகள் காய்ந்திருக்கும், காலையில் பனிமூட்டம் கிடைக்கும். பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை அருவி கம்பீரமாக இருக்கும். ஆனால் வெள்ளம் அதிகமானால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், மழையில் மலைப்பாதையில் மண் சரிவதும் உண்டு. பிள்ளைகளிடம் அருவி என்று சொல்லிக் கூட்டிப்போய் அடைத்த கேட்டைக் காட்டுவது கொடுமை. ஏப்ரல், மே மாதங்களில் அருவி மெலிந்துவிடும், ஆனால் பலாப்பழம் வரத் தொடங்கியிருக்கும், கீழே வெயில் கொளுத்தும்போது மேலே ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா. ஆடிப்பெருக்குக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். விழா பார்க்க வேண்டுமென்றால் போங்கள், அமைதியாகக் குளிக்க வேண்டுமென்றால் வேறு நாள்.

முடிந்தால் வார நாளில் போங்கள். சனி, ஞாயிறு கூட்டத்துக்கும் செவ்வாய், புதன் கூட்டத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வண்டி, டிரைவர், 70 வளைவுகள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரமான காரவள்ளிக்கு வந்து, அங்கிருந்து சோளக்காடு வரை ஏற வேண்டும். இந்த வழியில்தான் புகழ்பெற்ற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை இருக்கிறது. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள், 40-க்கு மேல் சத்தம் அடங்கிவிடும். ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் உண்டு. சேலம் பக்கமிருந்து வருபவர்களுக்கு அது தோது.

அரசுப் பேருந்துகள் மேலே போகின்றன. இரண்டு மூன்று நண்பர்கள் மட்டும் என்றால் பேருந்தே போதும். முதியவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் வண்டி அவசியம். 12 பேர் உட்காரும் வேன் நன்றாக ஏறும். அதைவிடப் பெரிய சுற்றுலாப் பேருந்தைக் கொண்டுபோய் வளைவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வாடகை பேசும்போது டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கொல்லிமலை கடைசியா எப்ப ஓட்டினீங்க?" உடனே பதில் வந்தால் சரி. "அதெல்லாம் ஓட்டிக்கலாம் சார்" என்றால் வேறு ஆள் பாருங்கள். நீங்களே ஓட்டுவதானால் சில விஷயங்கள் மனதில் இருக்கட்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. வளைவுக்கு முன்னால் ஹாரன், வளைவுக்குள் முந்துவது கிடையாது. ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டால் எஞ்சினுக்கும் நல்லது, வாந்தி வருபவர்களுக்கும் நல்லது. பெட்ரோல், டீசலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பாருங்கள்.

இறங்குவதுதான் உண்மையான பரீட்சை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். ரப்பர் கருகும் வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருமுறை எங்கள் வேன் டிரைவர் சீக்கிரம் வீடு திரும்பும் அவசரத்தில் நியூட்ரலில் உருட்ட ஆரம்பித்தார். பெரியப்பா முன் சீட்டிலிருந்து, "தம்பி, டீசல் காசு நான் தர்றேன், கியரைப் போடு" என்றார்.

வாந்தியை வளைவுக்கு முன்னாலேயே தடுப்பது

70 வளைவில் யாராவது ஒருவராவது வாந்தி எடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தொடங்கினால் மற்றவர்களுக்கும் தொற்றும். காலையில் பூரி, பொங்கல், பால் வேண்டாம். இரண்டு இட்லி, அல்லது ஒரு வாழைப்பழம். வெறும் வயிறும் நல்லதில்லை. நாமக்கல் வந்தாயிற்றே என்று இரட்டை ஆம்லெட் சாப்பிட்ட என் மச்சான் 23-வது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இன்றுவரை வீட்டில் அவருக்கு 'இருபத்து மூணு' என்று பெயர்.

பிரயாண மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தலைசுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரவழைக்கும் என்பதால் ஓட்டுபவர் போடக்கூடாது. பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மற்றபடி, வாந்தி வருபவருக்கு முன் சீட்டு, ஜன்னல் திறந்திருக்கட்டும், பார்வை தூரத்தில் இருக்கட்டும், செல்போன் பைக்குள் போகட்டும். எலுமிச்சம்பழத்தைக் கீறி மோந்து பார்ப்பது பழைய வழி, பலருக்குக் கேட்கிறது. ஆளுக்கொரு கவர் கையிலேயே இருக்கட்டும், டிக்கியில் இருந்து பயனில்லை.

தங்குமிடமும் காசும்

செம்மேடுதான் மலையின் நடு ஊர். பேருந்து நிலையம், கடைகள், அரசு மருத்துவமனை எல்லாம் இங்கே. விடுதிகள் செம்மேட்டைச் சுற்றிலும் அறப்பளீசுவரர் கோயில் போகும் வழியிலும் இருக்கின்றன. குடும்பத்தோடு போகும்போது நான் பார்ப்பது மூன்றுதான்: தரைத்தளத்தில் ஒரு அறை, மேற்கத்திய கழிப்பறை ஒன்றாவது, வெந்நீர். 'நேச்சர் வியூ' எல்லாம் ஜன்னலைத் திறந்தால் எங்கே தங்கினாலும் இருக்கும். முன்பணம் கட்டும் முன் போனில் பேசி, எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், இரவுச் சாப்பாடு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை நான்கு அறை என்று பேசி, போய்ச் சேர்ந்தபோது மூன்றுதான் கிடைத்தது. ஆண்களெல்லாம் வேனிலேயே தூங்கினோம்.

காசு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாங்கி ஒருவர் கையில் பொதுப்பணமாகக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு டீக்கடையிலும் "நான் தர்றேன்", "அட விடுங்க மாப்ளே" என்று பத்து நிமிடம் போகும், ஊர் திரும்பிய பிறகு மனஸ்தாபம் வரும். ரொக்கமும் வைத்திருங்கள், எல்லா இடத்திலும் ஜிபே வேலை செய்யாது.

இன்னொன்று, நண்பர்கள் கூட்டத்தில் யாராவது பாட்டில் எடுத்து வருவார்கள். மற்ற குடும்பங்களும் பிள்ளைகளும் இருக்கும் பயணத்தில் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குடித்துவிட்டு அருவிப் படியில் இறங்குவதும், மறுநாள் காலை 70 வளைவு ஓட்டுவதும் விளையாட்டில்லை.

பையில் என்ன

தலைக்கு இரண்டு மாற்றுடை, ஒரு ஸ்வெட்டர் அல்லது தடித்த போர்வை, துண்டு. பின்பக்கம் வார் உள்ள செருப்பு அல்லது பிடிப்புள்ள ஷூ. ஈரப்படியில் ரப்பர் செருப்பு வழுக்கிவிடும். டார்ச், ஒரு சிறிய கயிறு, கத்தி, உப்புப் பொட்டலம். மழைக்காலத்தில் அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல் உப்பை வைத்தால் தானே விழும். முழங்காலுக்கு எலாஸ்டிக் உறை, பஞ்சு, கட்டுத்துணி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, பெரியவர்களின் மாத்திரை மூன்று நாளைக்கு. பிளாஸ்டிக் பைகளுக்குப் பதில் மஞ்சப்பை. சோப்பு, ஷாம்பு, எண்ணெயை அறையிலேயே விட்டுவிடுங்கள், அருவியில் அனுமதி கிடையாது. இருக்கவும் கூடாது, அந்தத் தண்ணீர்தான் கீழே இறங்கிப் புளியஞ்சோலைக்குப் போகிறது.

முதல் நாள்: மெதுவாக

காலை ஏழு மணிக்கு நாமக்கல்லைத் தாண்டிவிட்டால் பத்துக்குள் மேலே. சோளக்காட்டில் இறங்கி டீ. யாருக்குத் தலைசுற்றினாலும் இங்கே அரைமணி நேரம் நடந்தால் சரியாகிவிடும். செம்மேட்டில் ஓரி சிலை. அறைக்குப் போய்ப் பையைப் போடுங்கள்.

சிறிய உணவகங்களில் தலை எண்ணித்தான் உலை வைப்பார்கள். பன்னிரண்டு பேர் திடீரென்று நுழைந்து "மீல்ஸ்" என்றால் பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும். காலையிலேயே போய் இத்தனை சாப்பாடு என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கையோடு புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோவது வழக்கம், முதல் நாள் மதியத்தை அது பார்த்துக்கொள்ளும்.

மதியத்துக்கு மேல் மாசிலா அருவி. சிறியது, இறங்கும் தூரமும் குறைவு. சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் பயமில்லாமல் தலையை நனைக்கலாம். ஆகாய கங்கைக்கு வராதவர்களின் அருவி ஆசையை இங்கேயே தீர்த்துவைத்துவிடுங்கள், மறுநாள் வாக்குவாதம் மிச்சம். மாலையில் சீக்குப்பாறை காட்சிமுனை. கீழே சமவெளி விரிந்து கிடக்கும், வெயில் சாயும் நேரம் நன்றாக இருக்கும். பாறை விளிம்பில் செல்ஃபி எடுக்க நண்பர்கள் யாராவது போவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு இழுத்துவாருங்கள். எட்டுக்கை அம்மன் கோயிலும் இருக்கிறது. சங்கப் பாட்டிலேயே வரும், சிரித்தே கொல்லும் என்று சொல்லப்படும் கொல்லிப்பாவை இந்த அம்மன்தான் என்று நம்புகிறார்கள். நேரம் இருந்தால் போகலாம், ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம்.

இரவில் கேம்ப் ஃபயர் கேட்பார்கள். விடுதிக்காரர் அனுமதித்தால் அவர் முற்றத்தில், அவர் காட்டும் இடத்தில் மட்டும். பிப்ரவரிக்கு மேல் காடு காய்ந்து கிடக்கும்போது அதுவும் வேண்டாம்.

இரண்டாம் நாள்: ஆகாய கங்கை

இதை ஏன் இரண்டாம் நாளுக்கு வைக்கிறேன் என்றால், படியேறிய மறுநாள்தான் கால் பிடித்துக்கொள்ளும். முதல் நாளே அருவிக்குப் போனால் இரண்டாம் நாள் முழுக்க நொண்டிக்கொண்டு அலைய வேண்டும். கடைசியாக வைத்தால் வலி ஊருக்கு வந்த பிறகுதான் வரும்.

செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயிலுக்கு வளைந்து வளைந்து போகும் சாலை, முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். காலையில் நுழைவு திறக்கும்போதே படியின் தலையில் நில்லுங்கள். வெயில் ஏறுமுன் இறங்கி, உச்சிவெயிலுக்கு முன் மேலே வந்துவிடுவதுதான் கணக்கு. மாலை நெருங்கினால் இறங்க விடமாட்டார்கள். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று முதல் நாள் இரவே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படிகள் ஒரே அளவில் இருக்காது, சில இடங்களில் செங்குத்து. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தே இறங்குங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் குரங்கு வாங்கிக்கொள்ளும். பைக்குள் வையுங்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள். வண்டிச் சாவி, முதலுதவி, டார்ச் மூன்றும் கடைசியாக வரும் ஆளிடம் இருக்க வேண்டும், முன்னால் ஓடுபவரிடம் இல்லை. சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டு, 'இத்தனை மணிக்குள் வராவிட்டால் தேடுங்கள்' என்று மேலே இருப்பவர்களிடம் ஒரு நேரம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஐயாறு என்ற ஆறுதான் இங்கே இப்படிக் குதிக்கிறது. தண்ணீர் அதிகமாக இருந்தால் நேர் அடியில் போய் நிற்க வேண்டாம், அந்த உயரத்திலிருந்து சின்னக் கூழாங்கல் வந்தாலும் மண்டை உடையும். ஓரத்தில் சாரலில் நின்றாலே மூச்சு முட்டும். பிள்ளைகள் பக்கத்தில் ஒரு பெரியவர் குளிக்காமல், முழு உடையோடு, தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அவர் எதைப் பார்க்க வேண்டும்? நிறத்தை. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் அடித்து வந்தால், இரைச்சல் கூடினால், ஒரு நொடி யோசிக்காமல் எல்லோரையும் வெளியே கூப்பிட வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே எங்கோ மழை கொட்டியிருக்கும். 2024 மே 17 அன்று குற்றாலம் பழைய அருவியில் இப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து, 17 வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குளிக்க வேண்டாம் என்று காவலுக்கு நிற்பவர் சொன்னால், "அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கோம் சார்" என்று பேரம் பேசாதீர்கள்.

முக்கால் மணி நேரம் குளித்தால் போதும். காய்ந்த துணிக்கு மாறி, ஏதாவது கொறித்து, கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஏறுங்கள். ஏறும்போது வரிசை முக்கியம். இருப்பவர்களிலேயே மெதுவானவர்தான் முன்னத்தி ஏர். அவரைத் தாண்டி ஒருவரும் போகக்கூடாது, வலுவான ஆள் கடைசியில். 50 படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குங்கள், மூச்சு முட்டாவிட்டாலும் நில்லுங்கள். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் நின்ற இடத்திலெல்லாம் இரண்டு மடக்கு. யாருக்காவது நெஞ்சு அடைத்தால், கண் இருட்டினால், அவரை அங்கேயே நிழலில் உட்காரவைத்து ஓர் ஆளைத் துணைக்கு விட்டு, இன்னொருவர் மேலே போய் வனத்துறை ஆட்களிடம் சொல்லட்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று இழுத்துக்கொண்டு ஏறாதீர்கள். இறங்க அரைமணி முதல் முக்கால் மணி, ஏற ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வைத்தால் சரியாக இருக்கும்.

மேலே இருப்பவர்களின் அரைநாள்

அறப்பளீசுவரர் கோயில் தேவாரத்தில் பெயர் வரும் பழைய இடம். பக்கத்திலேயே ஆறு, அதில் மீன்கள். அறுத்துச் சமைத்த மீனை இறைவன் மீண்டும் பொருத்தி ஆற்றில் ஓடவிட்டார் என்று தலபுராணம். அதனால் இங்கே மீனைப் பிடிக்காமல் பொரி போடுகிறார்கள். எங்கள் அத்தை சென்ற முறை ஒரு மணி நேரம் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டே கடைக்கார அம்மாவிடம் ஊர்க்கதையெல்லாம் வாங்கிவிட்டார்.

படியின் தலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே ரோமம் போல மூடியிருப்பதால் பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மிளகு, சீரகம் தட்டிப் போட்டு வைப்பார்கள். முழங்கால் வலிக்கு நல்லது என்று சொல்லியே விற்கிறார்கள். அது எப்படியோ, படியேறி வந்தவனுக்கு அந்தக் காரமும் சூடும் தேவாமிர்தம்.

காட்டுக்குள் நடக்கலாமா

நண்பர்களில் யாராவது ஒருவர் "இந்தப் பக்கம் ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு, போய்ப் பார்க்கலாமா" என்பார். வேண்டாம். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு அனுமதி இல்லாத மலையேற்றத்துக்குக் கெடுபிடி அதிகம். நடக்க ஆசை இருப்பவர்களுக்கு, 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இருக்கிறது. மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் பதிவு, உடன் வழிகாட்டி. அதைத் தனிப் பயணமாக, நடக்கக்கூடியவர்கள் மட்டும் போய் வாருங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு. 108-க்குச் சொல்லிக்கொண்டே செம்மேட்டுப் பக்கம் கிளம்பிவிடுங்கள்.

ஊருக்குள் நடக்கும்போது அது யாரோ ஒருவருடைய வயல், யாரோ ஒருவருடைய வீட்டு வாசல் என்பது நினைவிருக்கட்டும். வேலியோர மிளகைப் பறித்துப் பார்ப்பதும், கேட்காமல் வயதான பாட்டிகளைப் படம் எடுப்பதும் நம் ஊரில் யாராவது செய்தால் நமக்குப் பிடிக்குமா?

இறங்குவதற்கு முன்

மதியச் சாப்பாடு முடித்து மூன்று மணிக்குள் கிளம்பினால் வெளிச்சத்திலேயே காரவள்ளிக்கு வந்துவிடலாம். சோளக்காட்டில் நிறுத்தி மிளகு, காப்பிக்கொட்டை, மலைவாழை வாங்குங்கள். சீசனாக இருந்தால் பலா. தேன் வாங்குவதானால் சாலையோரம் வேண்டாம், பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கக் கடை திறந்திருந்தால் அங்கே.

பலாப்பழத்தைச் சாக்கில் போட்டு வண்டிக் கூரைமேல் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே வைத்தால் அந்த வாசனையோடு 70 வளைவு இறங்க வேண்டும். எங்கள் 'இருபத்து மூணு' அதில் 58-ஐத் தாண்டவில்லை.